இரண்டாம் நிலை மகளிர் லீக்கில் ஒரு சீசனை முழுசாக ஆடி முடிப்பது எப்படி

இரண்டாம் நிலை மகளிர் காற்பந்து லீக்கில் ஓர் அணி பட்டியலில் எங்கே முடிக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமா? அந்த அணியில் கோல் அடிக்கும் பெண்ணைப் பார்க்காதீர்கள். சீசன் பாதி தாண்டியபின் ஒரு மழை நாளில் எத்தனை பேர் ஆட்டத்துக்கு வந்து நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். பதினான்கு பேர் வந்தால் நடுவில் எங்காவது முடிப்பார்கள். ஒன்பது பேர் என்றால் அநேகமாகக் கடைசி. திறமை, பயிற்சியாளர், விலையுயர்ந்த பூட்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம்தான். அதனால் இங்கே நான் எழுதுவதில் பெரும்பகுதி ஆள் சேர்ப்பது, சேர்த்த ஆளைத் தக்கவைப்பது, வந்த ஆளை முட்டி திருகாமல் வீட்டுக்கு அனுப்புவது, இவற்றைப் பற்றித்தான் இருக்கும்.

எந்த லீக் என்று சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் மேல்படியில் இருப்பது மகளிர் பிரிமியர் லீக். 2022இல் டெலாய்ட் நிறுவனத்தின் ஆதரவோடு மீண்டும் தொடங்கியது, அந்த ஆண்டு லயன் சிட்டி செய்லர்ஸ் வென்றது. அதற்கு அடுத்த படி மகளிர் நேஷனல் லீக். பகலில் வேலை அல்லது படிப்பு, இரவில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம், இதுதான் இங்கே ஆடுகிறவர்களின் வாழ்க்கை. இதற்கும் கீழே ஐவர், எழுவர் போட்டிகள் நிறைய நடக்கின்றன, சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அவற்றுக்கும் பொருந்தும்.

ஆள் சேர்ப்பது

விதிப்படி ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைவாக இருந்தால் ஆட்டத்தைத் தொடங்க முடியாது, தொடங்கியபின் ஏழுக்குக் கீழே போனாலும் தொடர முடியாது. ஏழு பேர் கூடவா வரமாட்டார்கள் என்று சிரிப்பீர்கள். தேர்வு வாரம், தொடர் மழை, ஒரு கல்யாணம், இரண்டு பேருக்குக் காய்ச்சல், எல்லாம் ஒரே சனிக்கிழமையில் வந்து விழும்போது தெரியும். போட்டி விதிகள் எத்தனை பேரைப் பதிவு செய்ய அனுமதிக்கின்றனவோ அத்தனை பேரையும் பதிந்துவிடுங்கள். இருபதுக்குக் குறைவான பட்டியலோடு சீசனைத் தொடங்குவது வீண் துணிச்சல்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது, கலவை முக்கியம். ஒரே பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து பத்துப் பேரைச் சேர்த்தால், தேர்வு வரும்போது பத்துப் பேரும் ஒரேயடியாகக் காணாமல் போவார்கள். பல்கலைக்கழக மாணவிகளுக்கு நவம்பர் கடைசியிலும் ஏப்ரல் கடைசியிலும் நெருக்கடி, உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு அக்டோபர், நவம்பரில் சாதாரண நிலை (ஓ லெவல்) தேர்வு. மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு ஷிஃப்ட், விமானப் பணிப்பெண்களுக்குப் பட்டியல் வந்தால்தான் எந்த நாள் எந்த ஊர் என்றே தெரியும். இவர்களையெல்லாம் கலந்து வையுங்கள். போட்டி அட்டவணை கிடைத்த அன்றே ஒரு பெரிய நாள்காட்டியில் தேர்வுகள், தீபாவளி, தைப்பூசம், ஹரி ராயா, சீனப் புத்தாண்டு எல்லாவற்றையும் குறித்துவிட்டு, எந்த வாரம் ஆள் மெலியும் என்று பாருங்கள். அந்த வாரத்துக்கான ஆளை இப்போதே தேட வேண்டும், வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அல்ல.

எங்கே தேடுவது? ஐவர் காற்பந்து ஆடும் கூண்டுத் திடல்களிலும் அடுக்குமாடிகளுக்குப் பக்கத்திலுள்ள தெருக் காற்பந்துத் திடல்களிலும் பையன்களோடு ஆடும் பெண் ஒருத்தி எப்போதும் இருப்பாள், அவளிடம் போய்ப் பேசுங்கள். பள்ளியில் ஹாக்கி ஆடிவிட்டு இப்போது எதுவும் ஆடாமல் இருப்பவர்களுக்கு இடம் பார்த்து நிற்பது, பந்தில்லாமல் ஓடுவது எல்லாம் ஏற்கெனவே பழக்கம். என் கணிப்பில் இவர்கள் எல்லோரையும்விட மதிப்பானவர்கள் வலைப்பந்து ஆடிய பெண்கள். இங்கே பெண்கள் பள்ளிகளில் வலைப்பந்துதான் ராணி, அதில் வளர்ந்தவர்களுக்கு எம்பிப் பந்தைப் பிடிப்பதும் அது எங்கே வந்து இறங்கும் என்று கணிப்பதும் கை வந்த கலை. அவர்களை கோல்கீப்பராக்குங்கள். கோல் கம்பம் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம், ஆண்களுக்கும் அதே அளவுதான். ஐந்தடி இரண்டங்குலப் பெண் ஒருத்தி அதன் கீழே நின்றால் தலைக்கு மேலே எவ்வளவு காலியிடம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கீழ்நிலை லீக்கில் தூரத்திலிருந்து தூக்கி அடித்த பந்து கோல்கீப்பரின் விரல்நுனிக்கு மேலே போய் விழுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. நல்ல கோல்கீப்பர் கிடைத்தால் சீசனில் பாதித் தலைவலி போச்சு.

வீட்டில் பேசுவது

தமிழ் வீடுகளில் இதற்குத் தனி அத்தியாயமே வேண்டும். "வெயில்ல கறுத்துப் போயிடுவே" என்பதில் தொடங்கி, கால் உடைந்தால் நாளைக்குக் கல்யாணம் எப்படி என்பது வரை போகும். வாதாடாதீர்கள், பயனில்லை. அப்பாவை ஓர் ஆட்டத்துக்கு அழைத்து வாருங்கள். 1994இல் சிங்கப்பூர் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பாஹாங்கை 4-0 என்று வென்றதையும் அந்தக் காலத் தேசிய ஆட்டக்காரர் சுந்தரமூர்த்தியின் கால் வித்தையையும் இன்னும் கண் மின்னப் பேசுகிற தலைமுறை அது. திடல் ஓரத்தில் நின்று பத்து நிமிடம் ஆனால் போதும், அவரே "அந்த லெஃப்ட் பேக் ஏன் மேலே ஏறுறா?" என்று கேட்பார். அங்கேயே அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள், கைத்தொலைபேசியில் ஆட்டத்தைப் படம் பிடிப்பது அல்லது ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொள்வது. வேலை கிடைத்த அப்பா அடுத்த வாரமும் வருவார், மகளையும் கூட்டிக்கொண்டு.

அம்மாக்களின் கவலை பெரும்பாலும் இரவில் திரும்புவது பற்றியது. அது நியாயமான கவலை. பயிற்சி பத்து மணிக்கு முடிந்தால் வீடு சேரப் பதினொன்று. ஒரே எம்ஆர்டி பாதையில் இருப்பவர்களைச் சேர்த்துவிட்டு, இன்னாரோடு வருகிறாள் என்று அம்மாவுக்கு ஒரு பெயர் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

"கீழ் லீக்தானே" என்று இளக்காரமாகப் பேசுகிற அண்ணன் தம்பிகளுக்கு ஒரு தகவல். சிங்கப்பூரின் டனெல் டான் 2023இல் பொருசியா டோர்ட்மண்ட் மகளிர் அணியில் சேர்ந்தபோது அந்த அணி ஜெர்மனியின் வட்டார அளவிலான கீழ் லீக்கில்தான் ஆடிக்கொண்டிருந்தது. 2021இல் மகளிர் அணி தொடங்கியபோது நேரே மேலே நுழையாமல் அடிமட்ட லீக்கிலிருந்து ஆடி ஏறி வந்த அணி அது.

வாட்ஸ்அப், பணம், பொறுப்பு

வருகைக் கணக்கெடுப்பை வாட்ஸ்அப்பில் செவ்வாய்க்கிழமை போடுங்கள், வியாழன் இரவு மூடுங்கள். இரண்டே பொத்தான்: வருகிறேன், வரவில்லை. 'பார்க்கலாம்' என்ற மூன்றாவது பொத்தான் கூடாது, வைத்தால் பாதிப் பேர் அதை அழுத்திவிட்டுத் தூங்கிவிடுவார்கள். பதில் போடாதவர்களுக்கு வெள்ளிக்கிழமை தொலைபேசியில் அழைப்பு. குறுஞ்செய்தி அல்ல, அழைப்பு.

பதிவுக் கட்டணம், பயிற்சித் திடல் வாடகை, ஜெர்சி, பந்து, முதலுதவிப் பெட்டி, எல்லாவற்றையும் கூட்டி, சீசனுக்கு முன்பே இரண்டு தவணையில் பேநவ்வில் வாங்கிவிடுங்கள். மாணவிகளுக்குக் குறைத்து வேலை செய்கிறவர்களுக்குக் கூட்டினால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள், கணக்கைக் குழுவில் வெளிப்படையாகப் போட்டால். பணம் பார்ப்பவர், வருகை பார்ப்பவர், அணித்தலைவி மூன்றும் மூன்று ஆள்களாக இருக்கட்டும். ஒருத்தியே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும் அணிகளில், அவளுக்கு வேலை மாறிய மாதமே அணி கலைந்துவிடுகிறது.

மூக்குத்தி, தாலி, துடோங், கால்சட்டை

ஆட்ட விதிகளில் நான்காவது, உடை பற்றியது. நகை எதுவும் கூடாது. சங்கிலி, மோதிரம், வளையல், தோடு எல்லாம் கழற்ற வேண்டும், மேலே டேப் ஒட்டி மறைப்பதும் அனுமதி இல்லை. நம் பெண்களுக்கு இதுதான் சிக்கல். மூக்குத்தி புதிதாகக் குத்தினால் ஆற மாதக்கணக்காகும், அதற்குள் கழற்றினால் துளை மூடிக்கொள்ளும். அதனால் குத்துவதாக இருந்தால் சீசன் முடிந்த அடுத்த நாளே குத்திக்கொள்ளுங்கள். தாலி விஷயம் இன்னும் மென்மையானது. மஞ்சள் கயிறுதானே என்றாலும் கழுத்தில் கிடப்பது இழுபடும், நடுவர் கழற்றச் சொல்வார். ஆட்டம் தொடங்கப் போகும்போது எல்லார் முன்னாலும் இதைப் பேச வைக்காதீர்கள். அணியில் சேரும்போதே தனியாகச் சொல்லிவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்பதை அவரிடமும் அவர் வீட்டாரிடமும் விட்டுவிடுங்கள். ஜிப் வைத்த ஒரு பை, அதற்குப் பொறுப்பாக ஆடாத ஒருவர், அவ்வளவு ஏற்பாடு போதும்.

துடோங் எனும் தலைத்துணி அணியும் தோழிகளுக்குத் தடை இல்லை, 2014லிருந்தே விதி அனுமதிக்கிறது. ஆனால் தலையை மூடும் துணி கறுப்பாக அல்லது ஜெர்சியின் முதன்மை நிறத்தில் இருக்க வேண்டும், அணியில் எல்லாருக்கும் ஒரே நிறம். காலை மூடி டைட்ஸ் போடுகிறவர்களுக்கும் இப்படித்தான், கால்சட்டையின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். கடைசி நிமிடத்தில் நடுவர் நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் உங்கள் பதினொன்று பத்தாகும். எனவே பையில் கூடுதலாகக் கால்சட்டை நிறத்தில் ஒன்றிரண்டு டைட்ஸ் வைத்திருங்கள். முன்னங்காலைக் காக்கும் ஷின் பேட் கட்டாயம், அதையும் யாராவது ஒருத்தி மறந்துதான் வருவாள்.

ஜெர்சி தேர்ந்தெடுக்கும்போது வெள்ளைக் கால்சட்டைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மாதவிடாய் நாள்களில் தொண்ணூறு நிமிடமும் அந்த நினைப்போடு ஓட வேண்டியிருக்கும். இங்கிலாந்து மகளிர் அணியே இந்தக் காரணத்தைச் சொல்லி 2023இல் வெள்ளையிலிருந்து நீலக் கால்சட்டைக்கு மாறியது. ஆதரவாளர் வெள்ளைதான் அழகு என்று சொன்னால் சட்டை வெள்ளையாக இருக்கட்டும்.

முட்டி

செயற்கைப் புல் திடல்களில் நிறைய ஆட வேண்டியிருக்கும், ஜாலான் புசார் விளையாட்டரங்கமே செயற்கைப் புல்தான். அதனால் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் நிறைய இருக்கும் பூட்ஸ் வாங்குங்கள். இயற்கைப் புல்லுக்கான நீளக் குமிழ் பூட்ஸ் செயற்கைப் புல்லில் மாட்டிக்கொண்டு, பாதம் நிற்க உடம்பு திரும்பும். முட்டித் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், கிழிந்தால் பெரும்பாலும் அந்த சீசன் மட்டுமல்ல, அடுத்ததும் போகும்.

இதற்கு ஒரே மருந்து ஒழுங்கான வார்ம்-அப். ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு பயிற்சித் தொகுப்பு இருக்கிறது, பணம் கட்ட வேண்டாம், செய்து முடிக்க இருபது நிமிடம். மெதுவோட்டம், வலிமை, சமநிலை, குதித்து இறங்கும் பயிற்சி, கடைசியில் வேக ஓட்டம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் இதைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடுமையான காயங்கள் அதைவிட அதிகமாகவே குறைந்தன. ஆனால் வாரம் ஒருமுறை கடனுக்குச் செய்தால் பலன் இல்லை, ஒவ்வொரு பயிற்சியிலும் செய்ய வேண்டும். நம் ஆள்கள் என்ன செய்கிறார்கள்? தாமதமாக வந்து, பூட்ஸைக் கட்டிக்கொண்டே நேரே கோல் அடிக்கப் போகிறார்கள். வார்ம்-அப்புக்கு வராதவர் முதல் பாதியில் பெஞ்ச் என்று ஒரு விதி போடுங்கள். அணித்தலைவியே தாமதமாக வந்தாலும்.

வெயிலும் மின்னலும்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியும் மழையும் கொட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்ராப் புயல்காற்று விடியற்காலையிலும் காலையிலும் வந்து போகும். ஆக, மாலை ஐந்து மணி ஆட்டம் ஐந்து மணிக்குத் தொடங்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் எல்லாரும் உள்ளே போயே ஆக வேண்டும், கோல் போஸ்ட்டுக்கோ மரத்துக்கோ கீழே ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது காத்திருப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. அந்த அரை மணியில்தான் தசை இறுகும், சிலர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்ப்பார்கள். காய்ந்த சட்டை ஒன்று, வாழைப்பழம், கூரைக்குக் கீழே மறுபடி ஒரு குட்டி வார்ம்-அப். யாரையும் கிளம்ப விடாதீர்கள், எதிரணியில் இரண்டு பேர் கிளம்பிப் போயிருப்பார்கள், அது உங்களுக்கு லாபம்.

வெப்பத்துக்கு மைஎன்வி செயலியில் வெப்ப அழுத்த அளவைப் பாருங்கள். 31 டிகிரிக்குக் கீழே என்றால் குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33 அல்லது அதற்கு மேல் அதிகம். இது வெறும் காற்றின் வெப்பநிலை இல்லை, ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த கணக்கு, அதனால் 33 என்பதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். செயற்கைப் புல்லில் இருக்கும் கறுப்பு ரப்பர் துகள்கள் சூட்டை இன்னும் கூட்டும். தண்ணீர் இடைவேளைக்கு விதியில் இடம் இருக்கிறது, போட்டி விதி அனுமதித்தால் நடுவரிடம் ஆட்டத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். சாப்பாடு மூன்று மணி நேரத்துக்கு முன்னால், இட்லியோ சோறோ. பிரியாணி ஆட்டத்துக்கு அப்புறம். ரமலான் மாதத்தில் நோன்பிருக்கும் தோழிகள் இருந்தால் பயிற்சியை நோன்பு துறந்தபின் வைப்பது மரியாதை மட்டுமல்ல, ஆள் மயங்கி விழாமல் இருக்கவும்தான்.

திடலில்

பத்துப் பேர்தான் வந்தார்கள் என்றால் 4-4-1, அதாவது கோல்கீப்பர் போக பின்னால் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் ஒருவர். ஒன்பது என்றால் 4-3-1. எந்த நிலையிலும் பின்வரிசை நால்வரைக் குறைக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த ஆட்டக்காரரை முன்னால் தனியாகப் பட்டினி போடாமல் நடுவில் வையுங்கள், அங்கேதான் பந்து இருக்கும். எதிரணியில் தூரத்திலிருந்து அடிக்கத் தெரிந்தவர் யார் என்று முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து, இருபத்தைந்து மீட்டரில் அவருக்கு நிமிர நேரம் கொடுக்காமல் இருந்தாலே தலைக்கு மேல் போகும் பாதி கோல்கள் குறையும்.

புது விதி ஒன்று, கோல்கீப்பர்களுக்குச் சொல்லிவையுங்கள். 2025 ஜூலையிலிருந்து கோல்கீப்பர் பந்தைக் கையில் எட்டு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் உதை. கடைசி ஐந்து வினாடியை நடுவர் கையால் காட்டுவார். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்து எல்லாருக்கும் மூச்சு வாங்க நேரம் தருவது முன்பு நம் லீக்கின் செல்லப் பழக்கம், இனி அது செல்லாது.

திடலில் கூப்பிடும் சொற்கள் சுருக்கமாக, எல்லாருக்கும் புரிவதாக இருக்க வேண்டும். "மேன் ஆன்" (ஆள் நெருங்கிவிட்டது), "டைம்" (நேரம் இருக்கிறது), "டர்ன்" (திரும்பு), அவ்வளவுதான். நம் அணியில் சீன, மலாய், தமிழ்ப் பெண்கள் எல்லாரும் இருப்பார்கள், இரண்டு தமிழர்கள் மட்டும் தமிழில் கத்தினால் மற்ற ஒன்பது பேருக்கு ஒன்றும் புரியாது. ரகசிய உத்திக்குத் தமிழ் நன்றாகத்தான் இருக்கும், எதிரணியின் ரைட் பேக் திரும்பி "கேட்டுச்சு அக்கா" என்று சொல்லும்வரை.

0-8 என்று தோற்கும் நாள் வரும், எல்லா அணிக்கும் வரும். நான்கு கோல் வாங்கியபின் ஆத்திரத்தில் எல்லாரும் முன்னேறினால் நான்கு எட்டாகும். சீசன் கடைசியில் இரண்டு அணிகள் சமப் புள்ளியில் முடிந்தால் பல லீக்குகளில் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள், அதனால் 0-4 என்று நிறுத்துவதும் ஒரு வேலைதான். இடைவேளையில் பெரிய உரை வேண்டாம், அடுத்த பதினைந்து நிமிடம் கோல் வாங்கக் கூடாது என்று ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட நிமிடக் கணக்கு. பாசிர் ரிஸ்ஸிலிருந்து சுவா சூ காங்குக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் வந்து, கடைசி ஐந்து நிமிடம் மட்டும் இறக்கிவிடப்பட்ட பெண் அடுத்த வாரம் வரமாட்டாள். காரணமும் சொல்லமாட்டாள், கணக்கெடுப்பில் பதில் போடாமல் விடுவாள். வாரப் பயிற்சிக்கு வந்தவருக்கு ஆட்டத்தில் பாதி நேரமாவது என்று முதலிலேயே எழுதி வையுங்கள், அதனால் ஓர் ஆட்டம் தோற்றாலும் பரவாயில்லை. கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் பத்துப் பேரோடு ஒரு முறை ஆடிப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள். மாற்று ஆட்டக்காரர் மறுபடி உள்ளே வரலாமா என்பது போட்டிக்குப் போட்டி மாறும், விதிப் புத்தகத்தை முன்பே படித்துவிடுங்கள்.

தோற்ற ஆட்டத்துக்கு அப்புறம் யாரையும் நேரே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஜாலான் புசாரில் ஆட்டம் என்றால் நடக்கிற தூரத்தில் சிராங்கூன் ரோடு, ஒரு தோசையும் தே தாரிக்கும் போதும். வேறு திடல் என்றால் பக்கத்துக் காப்பிக்கடை. அங்கே ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமில்லை.

கடைசி ஆட்டம் முடிந்த அன்றே இரண்டு வேலை பாக்கி இருக்கும். அடுத்த சீசனுக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று நேரில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும் அன்றைக்குத்தான் உண்மையான பதில் வரும். அப்புறம் அணியின் ஜெர்சிகளை அங்கேயே, வியர்வையோடு, ஒரு பெரிய பையில் வாங்கிவிடுங்கள். துவைத்துத் தருகிறேன் என்று யாராவது அன்போடு எடுத்துப் போனால், 7ஆம் எண் ஜெர்சியை அப்புறம் அவர் வீட்டு மாடியில் கொடியில் தொங்கும்போதுதான் பார்ப்பீர்கள்.